அணுக்களுக்கு நடுவே ஓர் அளவுகோல்

கொடுமுடியில் கேஸ் வெல்டிங் பட்டறை எதற்குப் போனாலும் மூலையில் அசிட்டிலீன் சிலிண்டர் நிற்கும். வாழைத்தார் பழுக்கும்போது தானாகக் கசிவது எத்திலீன். இரண்டு வாயுக்களிலும் மூலக்கூறுக்கு இரண்டே கார்பன் அணுக்கள். அவற்றின் இடைவெளி அசிட்டிலீனில் 1.20 ஆங்ஸ்ட்ராம், எத்திலீனில் 1.34. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பங்கிட்டால் கிடைப்பது ஓர் ஆங்ஸ்ட்ராம். அந்த இடைவெளியை எலெக்ட்ரான் அலையைக் கொண்டே அளந்த வரலாறுதான் இந்த வாரம்.

1966-இல் கோஹன், ஃபானோ என்ற இயற்பியலாளர்கள் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் கரு இது. ஒளி பட்டு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரான் தெறிக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு அணுக்களில் எதிலிருந்து வந்தது அது? இரண்டிலிருந்தும் என்கிறது குவாண்டம் இயற்பியல். கொடுமுடிப் படித்துறையில், காவிரி தேங்கி நிற்கும் ஓரத்தில் இரண்டு கற்களை அருகருகே போட்டால் வளையங்கள் குறுக்கிட்டு ஓரிடத்தில் எழும்பும், இன்னோரிடத்தில் அடங்கும். எலெக்ட்ரான் அலைகளும் அப்படியே. அதனால் ஒளியின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால், வெளிவரும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை ஏறி இறங்க வேண்டும். அணுக்கள் விலகியிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் நெருக்கமாக வரும். அதாவது பிணைப்பின் நீளம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கிறது.

கணக்கு தெளிவு, பார்ப்பதுதான் கஷ்டம். வாயுவில் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் திரும்பிக் கிடப்பதால் அலைத்தடம் மங்கிவிடும். போதாக்குறைக்கு, ஆற்றல் கூடக் கூட எலெக்ட்ரான் வரத்தே மளமளவென்று சரியும். ஒளிக்குப் பதில் வேக அயனிகளை ஹைட்ரஜன் மீது மோதவிட்டு, 2001-இல் ஸ்டோல்டர்ஃபோட் என்ற இயற்பியலாளரின் குழு இந்தக் குறுக்கீட்டைக் கண்டது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகேஷ் திரிபேதி குழுவும் வேக அயனிகளைக் கொண்டு 2004-இல் அதன் தடயத்தை வெளியிட்டது.

ஆனால் அளவுகோலாக அது மாறியது 2013-இல். ராஜேஷ் குமார் குஷ்வாஹாவை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை அசிட்டிலீன், எத்திலீன், ஈத்தேன் மூன்றையும் எடுத்துக்கொண்டது. ஒளியின் ஆற்றல் 70 முதல் 700 எலெக்ட்ரான் வோல்ட் வரை. அந்த ஒளி பட்டு 100 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பறக்கும் எலெக்ட்ரானின் அலைநீளம் சுமார் 1.23 ஆங்ஸ்ட்ராம். கிட்டத்தட்ட பிணைப்பின் நீளமேதான்!

இந்த முறையில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு வகுத்தல் கணக்கு. இரண்டு அணுக்களின் அலைகள் கூடி அமைந்த ஆர்பிட்டல் (மூலக்கூறில் எலெக்ட்ரான் இருக்கும் நிலை) ஒன்று, கழிந்து அமைந்தது இன்னொன்று. முதலாவதில் எலெக்ட்ரான் வரத்து ஏறும் இடத்தில் இரண்டாவதில் இறங்கும். பொதுவான சரிவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றை மற்றதால் வகுத்தால் சரிவு பெருமளவு அடிபட்டுப் போகும், அலை மட்டும் எடுப்பாக நிற்கும்.

மூன்று நீளங்களும் ஏற்கெனவே தெரிந்தவைதாம். புதிய அளவுகோலைத் தெரிந்த நீளத்தில் வைத்துச் சோதிப்பதுதானே முறை? ஈத்தேனில் இடைவெளி 1.53 ஆங்ஸ்ட்ராம். இடைவெளி கூடக் கூட அலை நெருக்கமானது. குறைந்தது 0.01 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் நீளம் கிடைக்கும் என்று அந்தக் குழு காட்டியது. அசிட்டிலீனுக்கும் எத்திலீனுக்கும் உள்ள வித்தியாசம் அதைப்போல் 14 மடங்கு.