குடியிருப்பும் மீட்சியும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து இல்லக் கொடுமைக்குப் பிந்திய சமூகப்பணி பற்றி ஓர் ஆய்வு

இல்லறத்துக்குள் நிகழும் கொடுமையைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அக்கொடுமை நிகழும் நாளையும் அது நியாயஸ்தலத்தை எட்டும் நாளையும் பற்றியவை. அதற்குப் பின்னர் தொடங்கி, ஒரு தாயும் அவள் மக்களும் அச்சத்தினின்று மீண்டு தங்கள் சம்பாத்தியத்தையும் படிப்பையும் உறக்கத்தையும் சிறிது சிறிதாகத் திரும்ப அமைத்துக்கொள்ளும் நீண்ட காலத்தை விரிவாக ஆராய்ந்தவர் சிலரே. அக்காலத்தில் சமூகப்பணியாளர் செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். மீட்சிக்கு முதல் ஆதாரம் குடியிருப்பு; ஆதலால், குலைந்த தாம்பத்தியத்தை எவ்வாறேனும் ஒட்டவைப்பது சமூகப்பணியின் இலட்சியம் ஆகாது; பெண்ணும் குழந்தைகளும் அஞ்சாது வாழத்தக்க இடத்தையும் அவ்விடத்தைத் தாங்கும் பொருளையும் அவள் வசமாக்குவதே அதன் தலையாய கடமை என்பது இங்கு நிறுவப்பெறும் கருத்து.

கொச்சியின் பகுதியான மட்டாஞ்சேரி அமைந்த கேரளத்தைப் பற்றி இவ்வகையில் பேசப் புகுவோர், அங்கே இக்கொடுமை குறைவு என்ற ஆட்சேபத்தை முதலில் எதிர்கொள்ள வேண்டும். 2019–21இல் நிகழ்ந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கணவனால் கொடுமைக்கு ஆளானதாகக் கூறிய பெண்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம், கேரளத்திலோ 9.9 சதவீதமே. எனினும், சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று கேரளப் பெண்களில் 52.4 சதவீதத்தினர் விடையளித்ததும் அதே ஆய்வில்தான். கொடுமைக்குள்ளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர் ஏறத்தாழ 14 சதவீதத்தினரே என்பதையும் இவற்றோடு சேர்த்து எண்ணினால், கேரளத்தின் சிறிய எண்ணைக் கொடுமையின் குறைவாக மட்டும் கொள்ளாமல், மௌனத்தின் அளவாகவும் ஓரளவு கொள்ள வேண்டும் என்பது புலனாகும்.

இம்மௌனம் எதனால் கலையும் என்ற வினாவுக்கு, பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆய்வு நடத்தி 2005இல் வெளியிட்ட கட்டுரை ஒரு திறவுகோலைத் தருகிறது. வீடும் நிலமும் தம் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் உடல்வதைக்கு ஆளாகியிருந்தனர். நிலம் மட்டும் உடையோரில் 18 சதவீதத்தினரும், வீடு மட்டும் உடையோரில் 10 சதவீதத்தினரும், இரண்டும் உடையோரில் 7 சதவீதத்தினருமே அவ்வாறு ஆளாகியிருந்தனர். கல்வியோ உத்தியோகமோ மட்டும் தராத காப்பைத் தன் பெயரில் ஒரு கூரை இருப்பது தருகிறது என்பதே இதன் தாத்பரியம். வெளியேறிச் செல்ல ஓரிடம் உண்டு என்பதைக் கணவன் மனைவி இருவரும் அறிந்த இல்லத்தில், ஓங்கிய கை தயங்குகிறது.

இவ்வுண்மையை மட்டாஞ்சேரியில் பொருத்திப் பார்க்க வேண்டும். கொச்சி அரச குலமே தாய்வழி முறையில் வந்தது. மருமக்கத்தாயம் எனப்படும் அம்முறையைத் தழுவிய தறவாடுகளில், அதாவது கூட்டுக்குடும்ப இல்லங்களில், பெண்ணுக்குப் பிறந்த இடத்தில் நீங்காத இடம் இருந்தது. அம்முறை படிப்படியாகத் தேய்ந்து, 1975ஆம் ஆண்டின் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டத்தால் முடிவுற்றது. அம்முறை ஒருபோதும் இல்லாத குடிகளோ இவ்வூரில் அநேகர்; கொங்கணியரும், குஜராத்தியரும், கச்சி மேமன்களும், தக்கினி பேசுவோரும், அடுத்துள்ள வெளி என்னும் பகுதியில் தோபிகானா என்ற சலவைக்கூடத்தை நம்பி வாழும் தமிழ் வண்ணாரும், வேறு பல தமிழரும் நெருங்கி வாழும் சந்துகளில், ஒரு பழைய கட்டிடமே பல அறைகளாகப் பகுக்கப்பட்டு, பல குடும்பங்களுக்கு இடம் தருகிறது.

இங்குள்ள ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டு ஏற்பாடு பணயம் எனப்படுவது. வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குறித்த காலம் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுவர். தமிழ்நாட்டில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் வழங்குவது இதுவே. மனைவியின் நகைகளை விற்றோ அடகு வைத்தோ திரட்டிய பணம் அத்தொகையில் சேர்ந்திருக்க, ஒப்பந்தப் பத்திரத்தில் கணவன் ஒருவனே கையொப்பமிட்டிருப்பானாயின், அவள் பட்டிருக்கும் கட்டு சாமானியமானதன்று. வெளியேறினால் கூரையும் போம். அக்கூரையாக உருமாறிய அவளுடைய பொன்னும் போம். கெடு முடியும் நாளில் தொகை கணவன் கைக்கே செல்லும். “எங்கே போவேன்?” என்று அவள் கேட்பதைக் கோழைத்தனம் என்று கருதுவோர், அவள் மனத்தில் நடக்கும் இந்தக் கணக்கை அறியாதவர்.

2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இக்கணக்கை மாற்றவல்ல கருவிகளைத் தன்னிடத்தே கொண்டது. உரிமைப் பத்திரம் எவர் பெயரில் இருப்பினும், பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் குடியிருக்கும் உரிமையை 17ஆம் பிரிவு பெண்ணுக்கு அளிக்கிறது. வாடகை வீடும் இதில் அடங்கும். நகை முதலிய ஸ்திரீதனத்தை நீதிமன்ற அனுமதியின்றிக் கைமாற்றலாகாது எனத் தடுக்க 18ஆம் பிரிவும், கணவனை வெளியேற்றவோ மாற்று வீட்டுக்கு வாடகை தரச் செய்யவோ 19ஆம் பிரிவும் இடமளிக்கின்றன. மாமன் மாமியின் வீட்டில் மருமகளுக்கு இவ்வுரிமை இல்லையென்ற பழைய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் நீக்கியது. ஸ்திரீதனம் மனைவிக்கே முழு உடைமை என்பதை 2024 ஏப்ரலில், கேரளத்தினின்று வந்த வழக்கொன்றிலேயே, மீண்டும் வற்புறுத்தியது.

ஆயினும், சட்டத்தின் சொல் சந்துக்குள் தானே நடந்து வருவதில்லை. அதை அங்கே கொண்டுசெல்பவர் சமூகப்பணியாளர். அவர் முதலில் காண வேண்டியவை கண்ணீருக்கு அடுத்தபடியாகக் காகிதங்களே. பணயப் பத்திரத்தின் நகல், கெடுத் தேதி, நகைக்கடை ரசீது, அடகுச் சீட்டு, திருமணப் புகைப்படத்தில் கழுத்தில் தெரியும் மாலை, ரேஷன் கார்டு, குழந்தைகளின் பிறப்புச் சான்று என்பவற்றை அவளோடு அமர்ந்து அடுக்கி, எந்த நகை எப்போது விற்கப்பட்டுப் பணயத் தொகையில் சேர்ந்தது என்று எழுதிவைத்தல் வேண்டும். பாதுகாப்பு அலுவலர் தயாரிக்கும் குடும்ப நிகழ்வு அறிக்கையில் இவ்விவரம் இடம்பெற்றால், கெடு முடியும் நாளில் தொகை கணவனிடம் செல்லாதபடி நீதிபதியிடம் தடை வேண்ட வழியுண்டு. வீட்டுக்காரருக்கும் அத்தடையைத் தெரிவிக்குமாறு கோர வேண்டும். இப்பணியில் மொழி இரண்டாம்பட்சமன்று. தமிழில் அழுதவளின் வாக்குமூலம் மலையாளத்தில் எழுதப்படும்போது, எழுதியதை அவள் மொழியில் வாசித்துக் காட்டி, அவள் திருத்தியதைத் திருத்திய பின்னரே கையொப்பம் பெறுவது முறை.

குழந்தைகளின் மீட்சியும் குடியிருப்போடு பிணைந்ததே. இடம் மாறினால் பள்ளி மாறும்; பள்ளி மாறினால், அடிதடிக்கு நடுவிலும் அவர்களுக்கு நிலையாக இருந்த ஆசிரியையும் தோழரும் இல்லாமற் போவர். மீட்சியின் முதற்படி பாதுகாப்பே என்றும், நினைவும் துயரும் பேச்சாவது அதன் பின்னரே என்றும் உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதியது பெரியோர்க்கு மட்டுமன்றிப் பிள்ளைகட்கும் பொருந்தும். ஆகவே, குற்றம் செய்தவன் வீட்டிலிருக்க, குற்றமற்ற பிள்ளைகள் புத்தகப்பையோடு காப்பகம் சேர்வது நியாயத்துக்கு முரணானது.

குடும்பம் பிளவுபடாமல் காப்பதே சமூகப்பணியின் தர்மம் என்று வாதிப்போர் உளர்; அவர்கள் கூற்றை எளிதில் தள்ளலாகாது. வறுமை மிகுந்த இடத்தில் இரு குடித்தனம் நடத்துவது கடினம் என்பதும், சில பெண்கள் தாமே சேர்ந்து வாழ விரும்புகின்றனர் என்பதும் உண்மை. ஆனால் 2006ஆம் ஆண்டு விதிகளே இதற்கு எல்லை வகுத்துள்ளன: ஆலோசனையின்போது கொடுமைக்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு இடமில்லை, பெண் விரும்பினால் மட்டுமே சமரசத்துக்கு முயல வேண்டும். செல்ல வேறிடமில்லாதவளின் சம்மதம் விருப்பம் ஆகுமா? மாற்று இடம் கையிலிருக்கும்போது அவள் சேர்ந்து வாழத் தேர்ந்தால், அதுவே மதிக்கத்தக்க சமரசம். “அனுசரித்துப் போம்மா” என்ற ஒரு வாக்கியத்தில் முடியும் கவுன்சலிங் சமூகப்பணி ஆகாது.

ஸ்தாபனங்களுக்குக் குறைவில்லை. டாடா சமூக அறிவியல் கழகம் 1984இல் பம்பாய்க் காவல்துறையோடு சேர்ந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தனிப்பிரிவைத் தொடங்கி, பயிற்சி பெற்ற சமூகப்பணியாளரைக் காவல் அலுவலகத்திலேயே அமர்த்தியது. 1998இல் தோன்றிய மகளிர் இயக்கமான குடும்பஸ்ரீயின் ஸ்நேஹிதா உதவி மையமும், 181 உதவி எண்ணும், அரசு மருத்துவமனைகளின் பூமிகா உதவி மையங்களும், வார்டுதோறும் அமைய வேண்டிய கண்காணிப்புக் குழுவான ஜாக்ரதா சமிதியும் கேரளத்துக்கு உண்டு. இவை பெரிதும் ஆபத்து நேரத்துக்கானவை. காப்பகத்தில் தங்கும் நாட்கள் தீர்ந்த பின்னரும், பணயக் கெடு முடிந்து வேறு வீடு அமையும் வரையிலும் ஒரே பணியாளர் அக்குடும்பத்தைத் தொடர்வதற்கான ஏற்பாடு தேவை. அண்டைப் பெண்கள் சேர்ந்த குடும்பஸ்ரீ அயல்கூட்டம் வாராவாரம் கூடுவதாலும், சிறுகடன் தரவல்லதாலும், இதற்கு இயல்பான துணை அதுவே. அண்டை வீட்டாரே அதில் இருப்பதால் இரகசியம் காக்கும் பயிற்சி மட்டும் இன்றியமையாதது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் ரேஷன் கார்டில் மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவி ஆக்கியது. அரிசிக்குத் தலைவியானவளை வீட்டுக்கும் தலைவியாக்குவதில் தடையென்ன? பணயப் பத்திரங்களில் மனைவியும் கையொப்பமிட வேண்டுமென்று வார்டு சமிதிகள் வலியுறுத்தட்டும்; பொதுப்பணத்தில் ஏழைகளுக்குக் கட்டும் வீடுகள் பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலோ ஒதுக்கப்படட்டும்; ஒவ்வொரு வழக்கிலும் சமூகப்பணியாளர் குறைந்தது ஈராண்டு தொடரும்படி ஊதியமும் நேரமும் வகுக்கப்படட்டும். கொடுமையிலிருந்து தப்பிய குடும்பத்துக்கு நாம் செய்யும் உதவி, அதன் வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைக் கொண்டே மதிக்கப்பட வேண்டும்.