ஒரே ஓட்டத்தில் இருபது கணினி

1990களின் நடுவில் நியூசிலாந்தில் மர்ரி ஹாஸார்டு உருவாக்கிய ‘கோஸ்ட்’ மென்பொருள்தான் அலுவலகக் கணினிகளை மொத்தமாக நகலெடுக்கும் வழக்கத்தைப் பரப்பியது என்பார்கள். பாதிதான் சரி. நொடிக்கு 100 மெகாபிட் கடத்தும் கேபிளில் 5 ஜிபி இமேஜ் (வட்டின் முழு நகல்) ஒரு கணினிக்குப் போகவே ஏறத்தாழ ஏழு நிமிடம். இருபது கணினிகளுக்கும் தனித்தனியே அனுப்பினால் இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். ஒரே ஓட்டத்தை எல்லாக் கணினிகளும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும் மல்டிகாஸ்ட்தான் இந்தக் கணக்கை மாற்றியது. (மலிவான சுவிட்சில் அது எல்லா போர்ட்டிலும் பாய்ந்து பிரிண்டரையும் திணறடிக்கும், தனி சுவிட்ச் போடுவது வீண்செலவல்ல.) கணினியை நெட்வொர்க் வழியே பூட் செய்ய இன்டெல் வகுத்த பிஎக்ஸ்இ வந்ததும், பூட் பிளாப்பியோடு மேசை மேசையாக அலைவதும் ஒழிந்தது.

நகல்களுக்கெல்லாம் ஒரே விண்டோஸ் பாதுகாப்பு அடையாள எண் வந்துவிடுமே என்ற ஆட்சேபம் நெடுநாள் இருந்தது. அந்த எண்ணை மாற்றித் தந்த ‘நியூசிட்’ கருவியின் ஆசிரியர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச்சே 2009-இல் அந்த அச்சம் கட்டுக்கதை என்றார். ஆனாலும் கணினியின் தனி அடையாளங்களை நீக்கி நகலெடுப்புக்குத் தயாராக்கும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டாத நகலுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருவதில்லை.