பாத்திரம் அறிந்து ஈதல்

கண்டி மாநகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்துள்ளது கட்டுகஸ்தோட்டை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் முதன்மை நிலையங்களுள் ஒன்று இங்கு இயங்குகிறது. பெய்யும் மழை நாள்தோறும் இங்கே அளந்து பதியப்படுகிறது. சூழவுள்ள மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் பலவும், தத்தம் மழைமானிகள் காட்டிய அளவை ஊதியம் கருதாது திணைக்களத்துக்கு அறிவித்து வந்துள்ளன. ஒருவரால் இயலாத பெரும்பணியைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்து முடிக்கும் வழக்கம் இப்பகுதிக்குப் புதியதன்று.

மழையை அளத்தற்கு உதவிய இம்முறை, மழையைக் கணித்தற்கும் உதவுமோ என்று முதன்முதல் எண்ணியவர்களுள் ஒருவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரின்போது பிரான்சில் நோயாளர் வண்டிப் படையில் தொண்டாற்றிய இவர், 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளின் வானிலையை எடுத்து, 6 மணி நேரத்தில் நிகழும் மாற்றத்தைக் கையாலேயே கணித்துப் பார்த்தார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. அத்தோல்வியை அவர் மறைத்தாரில்லை. 1922இல் வெளியிட்ட தம் நூலிலே கணக்கை முழுமையாக எழுதி வைத்தார். உலக வானிலையை அதன் வேகத்துக்கு ஈடாகக் கணிப்பதற்கு 64,000 பேர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கணக்கிட வேண்டும் என்ற கற்பனையும் அந்நூலிலேயே உள்ளது.

அம்மண்டபம் கட்டப்படவில்லை. ஆயின், நூற்றாண்டின் இறுதியில் அதனினும் பெரியதொன்று இணையத்தின் வழியே எழுந்தது. வீட்டுக் கணினி பெரும்பாலான நேரம் வேலையின்றியே இருக்கும். அந்த ஓய்வு நேரத்தை உரியவர் விரும்பி அளித்தால், ஆராய்ச்சி நிலையம் ஒரு பெருங்கணக்கைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பும். கணினி விடை கண்டு திருப்பி அனுப்பும். 1996இல் பெரும் பகா எண்களைத் தேடும் பணி இவ்வாறு தொடங்கிற்று. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில், கலிபோர்னியாவின் பேர்க்ளிப் பல்கலைக்கழகம், விண்வெளியினின்று வரும் வானொலி அலைகளில் வேற்றுலக அறிவின் அடையாளம் உண்டோ என்று ஆராயும் ‘செட்டி அட் ஹோம்’ திட்டத்தைத் தொடங்கியது. காலப்போக்கில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். 2000இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் புரதங்கள் மடியும் வகையை ஆராயும் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ தோன்றியது. 2003இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் எதிர்காலக் காலநிலையைக் கணிக்கும் திட்டத்தைத் தொடங்கினர்.

திட்டங்கள் பெருகவே, எதற்குக் கொடுப்பது என்னும் வினா எழுந்தது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது முதுமொழி. ஓய்வாக இருக்கும் பொறியைத்தானே கொடுக்கிறோம், இதில் இழப்பென்ன என்று கருதுவோர் உண்டு. அக்கருத்துப் பொருந்தாது. முழு வேலை செய்யும் கணினி, சும்மா இருப்பதைக் காட்டிலும் 100 வாட் மிகுதியாக உண்ணுமாயின், ஒரு நாளில் 2.4 அலகும், 30 நாளில் 72 அலகும் செலவாகும். இலங்கையின் வீட்டு மின்கட்டணமோ, பயன்பாடு ஏற ஏற அலகின் விலையும் ஏறும் முறையில் அமைந்தது.

அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கட்டுகஸ்தோட்டை மக்கள் அறிவர். அவர்களூரைக் கடக்கும் மகாவலியின் நீரில் ஒரு பகுதி, அருகிலுள்ள பொல்கொல்லை அணைக்கட்டினின்று ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வழியே உக்குவெலை மின்நிலையத்துக்குச் செல்கிறது. 1976 முதல் இது நடைபெறுகிறது. எஞ்சிய நீர் கீழே சென்று, 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றியும் நீர்த்தேக்கங்கள் வற்றியும், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிற்று. அத்தகைய நாட்டில் மின்சாரத்தை ஈவது உண்மையான ஈகையே. ஆகவே ஆராய்ந்து ஈதல் கடமையாகிறது.

ஆராய்வதற்கு வரலாறே துணை. முதலாவதாக, கேட்கப்படும் வினாவுக்கு விடை இன்னும் தேவையா என்று நோக்க வேண்டும். 1997இல் தொடங்கிய ஒரு கூட்டுமுயற்சி, 64 பிட் நீளமுள்ள இரகசியத் திறவுகோலைத் தேடி, 1,757 நாட்களின் பின் 2002இல் கண்டுபிடித்தது. பலர் கூடினால் அத்தகைய பூட்டும் திறக்கும் என்பது அத்துடன் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும், 72 பிட் திறவுகோலைத் தேடும் அடுத்த வேலை உடனே தொடங்கியது; பரிசளிக்க முன்வந்த நிறுவனம் 2007இல் விலகிய பின்னரும் அது நின்றபாடில்லை. ஆர்வம் மெச்சத்தக்கதே, ஆயினும் புதிதாக அறியப்படுவது சிறிது.

இரண்டாவதாக, போதும் என்று சொல்லும் நேர்மை உண்டா என்று நோக்க வேண்டும். செட்டி திட்டத்தார், தேவையான தரவுகள் பெரும்பாலும் பகுக்கப்பட்டுவிட்டன என்று கூறி, 2020 மார்ச் 31ஆம் நாளுடன் புதிய வேலை அனுப்புவதை நிறுத்தினர். வேற்றுலகச் செய்தி கிடைக்கவில்லை. ஆயினும் அவர்கள் வகுத்த மென்பொருள் அமைப்பு ஏனைய ஆய்வுகளுக்குப் பொதுவுடைமையாயிற்று.

மூன்றாவதாக, பிழை நேர்ந்தால் அதைக் கொடையாளருக்கு அறிவிப்பார்களா என்பது. ஒக்ஸ்போர்ட் திட்டத்தார், 2,000க்கும் மேற்பட்ட கணிப்புகளை ஆராய்ந்து, வளியிலுள்ள கரியமிலவாயு இரட்டித்தால் வெப்பம் 1.9 முதல் 11.5 பாகை செல்சியஸ் வரை உயரக்கூடும் என்னும் முடிவை 2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மறு ஆண்டு பி.பி.சி.யுடன் இணைந்து நடத்திய ஆய்விலோ, உள்ளீட்டுக் கோப்பொன்றில் தவறு இருந்தது தெரியவந்தது. பல வாரங்கள் ஓடிய கணக்குகள் பயனற்றுப் போயின. அவர்கள் அதை வெளிப்படையாக அறிவித்து, மீண்டும் தொடங்குமாறு கேட்டுக்கொண்டனர். மின்கட்டணம் செலுத்தியவர்களுக்கு அது இழப்பே. எனினும், ரிச்சர்ட்சன் தம் பிழையை அச்சிட்டமை போன்றதே இச்செயலும். பிழையற்ற ஆய்வு அரிது. பிழையை ஒப்புக்கொள்ளும் ஆய்வே நம்பத்தக்கது.

ஆகவே, சேர்ந்தோர் தொகையோ நோக்கத்தின் கவர்ச்சியோ ஒரு திட்டத்தின் தகுதியைக் காட்டமாட்டா. வாங்கிய உழைப்புக்கு அது கணக்குக் காட்டுகிறதா என்பதே உரைகல். கட்டுகஸ்தோட்டையில் நேற்றுப் பெய்த மழையின் அளவு, பெருமழையாயினும் வெறும் பூச்சியமாயினும், உள்ளவாறே ஏட்டில் ஏறுகிறது. அந்த ஏட்டின் நேர்மை எத்திட்டத்தில் உண்டோ, அத்திட்டத்துக்கு மகாவலியின் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தருவது வீணாகாது.