பரப்புக் கணக்கு யார் கைக்கு முதலில் போகிறது?



மக்காச்சோள அறுவடை நெருங்கும்போதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் சுற்றி வரும். "அமெரிக்காவில் இந்த வருடம் சாகுபடிப் பரப்பு குறைந்துவிட்டதாம். விலை ஏறுமாம். யாரும் விற்காதீர்கள்." உடனே இரண்டு மூன்று பேர் என்னிடம் தனியாகக் கேட்பீர்கள்: "சார், வைத்திருக்கலாமா, போட்டுவிடலாமா?"

விலை சொல்ல நான் மண்டிக்காரன் இல்லை. ஆனால் அந்தப் பரப்புக் கணக்கு எப்படிப் பிறந்தது, அதனால் யார் பிழைத்தார்கள், யார் நஷ்டப்பட்டார்கள் என்று சொல்ல முடியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1860களின் அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். விவசாயிக்குத் தன் வயல் தெரியும், பக்கத்து வயல் தெரியும். அதற்கு அப்பால் எந்த ஊரில் எவ்வளவு விதைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. பெரிய தானிய வியாபாரிக்கோ ஊருக்கு ஊர் ஆள் உண்டு, தந்தி உண்டு. விளைச்சல் அமோகம் என்று புரளி கிளப்பி அறுவடை நேரத்தில் விலையை அமுக்குவதும், வாங்கிச் சேர்த்தபின் பஞ்சம் என்று சொல்லி ஏற்றுவதும் அவர்களுக்குக் கைவந்த கலை. இதை முறியடிக்க ஆரஞ்ச் ஜட் என்ற விவசாயப் பத்திரிகை ஆசிரியர் 1862-இல் தன் சந்தாதாரர்களையே பயிர் நிலவரம் எழுதி அனுப்பச் சொல்லி, தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ஆபிரகாம் லிங்கன் வேளாண்மைத் துறையை உருவாக்கினார். 1863-இல் அந்தத் துறையின் முதல் பயிர் அறிக்கை வெளிவந்தது. வியாபாரிக்குத் தெரிவது விவசாயிக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

நல்ல நோக்கம்தான். ஆனால் கணக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அதை முதலில் பார்ப்பவனுக்குத்தானே லாபம்?

1905-இல் அது நடந்தது. அந்தத் துறையின் புள்ளியியல் பிரிவில் இருந்த எட்வின் ஹோம்ஸ் என்ற அதிகாரி, பருத்தி அறிக்கையில் உள்ள விவரத்தை அது வெளிவரும் முன்பே நியூயார்க் சூதாட்ட வியாபாரிகளுக்குக் கசியவிட்டார். ஜன்னல் திரையை ஏற்றி இறக்கி வெளியே நிற்பவனுக்குச் சைகை காட்டினார் என்று சொல்வார்கள். தெற்கு மாநிலப் பருத்தி விவசாயிகளின் சங்கம் புகார் கிளப்பியது. விசாரணை நடந்தது, ஹோம்ஸ் வேலை இழந்தார். அதன்பின் ஒரே ஆள் கையில் கணக்கு இருக்கக்கூடாது என்று பயிர் அறிக்கைக் குழு அமைந்தது. முன்கூட்டிக் கசியவிடுவதைக் குற்றமாக்கி 1909-இல் சட்டமும் வந்தது. இன்றைக்கும் முக்கிய அறிக்கைகளைத் தயாரிக்கும் நாளில் கதவைப் பூட்டி, தொலைபேசியைத் துண்டித்து, ஜன்னலை மூடிவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள். நேரம் வரும்வரை யாரும் வெளியே போக முடியாது.

அடுத்தது 1927. பருத்தி விலை இறங்கலாம் என்று அரசாங்க அறிக்கை ஒன்று செப்டம்பரில் சொன்னது. சொன்னதுமே சந்தை விழுந்தது. விவசாயிகள் கொதித்துப்போனார்கள். அரசு பருத்தி விலையைக் கணித்து வெளியிடவே கூடாது என்று நாடாளுமன்றம் தடை போட்டது. அந்தத் தடை 2008 வரை நீடித்தது. கணக்கு சந்தையை அளந்து காட்டுவதோடு நிற்பதில்லை, சந்தையைத் தள்ளியும் விடுகிறது என்பதற்கு இது சாட்சி.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் 1972. அந்த வருடம் சோவியத் நாட்டில் குளிர்காலப் பனிப்போர்வை போதாமல் கோதுமை கருகியது, கோடையும் வறண்டது. அங்கே எவ்வளவு பற்றாக்குறை என்று அமெரிக்க விவசாயிக்குத் தெரியாது. சோவியத் அதிகாரிகள் வந்து, பெரிய ஏற்றுமதி நிறுவனங்களிடம் தனித்தனியாக, சத்தமில்லாமல் ஒப்பந்தம் போட்டார்கள். கோதுமை மட்டும் அந்த வருட அமெரிக்க விளைச்சலில் சுமார் கால் பங்கு! அந்த ஏற்றுமதிக்கு அமெரிக்க அரசே மானியமும் கொடுத்தது.

டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ் பக்கங்களில் கோதுமை அறுவடை ஜூனிலும் ஜூலையிலும் முடியும். கடன் கட்ட வேண்டியவர்கள் களத்திலிருந்தே விற்றுவிட்டார்கள். ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, ஒன்றரை டாலருக்கும் கீழே போனது. விஷயம் வெளியே தெரியத் தெரிய விலை ஏறியது. 1973 ஆகஸ்டில் அது நான்கு டாலரைத் தாண்டியிருந்தது. விவசாயிகளுக்கு உரிய நேரத்தில் தகவல் தரவில்லை என்று அந்த நாட்டின் தணிக்கை அலுவலகமே எழுதியது. அவர்கள் உழைப்பில் குறையில்லை, விளைச்சலிலும் குறையில்லை. தகவல் ஒரு மாதம் பிந்தியது, அவ்வளவுதான்.

அதன் பிறகு, ஏற்றுமதி விற்பனையை வாரந்தோறும் அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1973-இல் சட்டம் வந்தது. 1974-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பிற நாடுகளின் கோதுமைப் பயிரை மதிப்பிடும் பெரிய சோதனையும் தொடங்கியது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. பூட்டிய அறைக்குள் பத்திரிகையாளர்களை அனுமதித்து, குறித்த நேரத்தில் செய்தி அனுப்ப விடுவது அங்கே வழக்கமாக இருந்தது. அவர்கள் அனுப்பும் செய்தி அரசு இணையதளத்தைவிட இரண்டு விநாடி முந்திப் போகிறது, அந்த இரண்டு விநாடியில் அதிவேகக் கணினி வியாபாரிகள் லாபம் பார்க்க முடிகிறது என்று சொல்லி 2018-இல் அந்த வழக்கத்தையே நிறுத்தினார்கள். 1905-இல் ஜன்னல் திரை, 1972-இல் ஒரு மாதம், 2018-இல் இரண்டு விநாடி. அளவு சுருங்கியிருக்கிறது, ஆசை சுருங்கவில்லை.

சரி, நமக்கு என்ன? பரப்புக் கணக்கு ஒன்று கைபேசிக்கு வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இது விதைக்க நினைத்ததா, விதைத்ததா, அறுத்ததா? அமெரிக்காவில் மார்ச் கடைசியில் வருவது விவசாயிகளிடம் கேட்டு எழுதிய எண்ணம் மட்டுமே. ஜூன் கடைசியில் வருவதுதான் விதைத்த பரப்பு. எண்ணம் மாறும், மழையும் மாற்றும்.

இரண்டு: பரப்பு குறைந்தால் விளைச்சல் குறைந்தே தீருமா? ஏக்கருக்கு மூட்டை கூடினால் ஈடாகிவிடும். பழைய இருப்பு எவ்வளவு என்பதும் இதோடு சேர்ந்த கணக்கு.

மூன்று: இது எனக்கு எத்தனையாவது ஆளாக வருகிறது? குடும்பக் குழுவுக்கு வரும் நேரத்தில் அது உலகச் சந்தை விலையில் எப்போதோ கரைந்திருக்கும். சந்தை அசைவதும் வந்த எண்ணால் மட்டுமல்ல. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தால்.

நான்கு: இதைப் படித்த மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சின்ன வெங்காயம் உங்களுக்குத் தெரியாததா! ஒரு வருடம் விலை ஏறினால் மறு வருடம் ஊரே வெங்காயம் போடும். விலை விழும். அடுத்த வருடம் யாரும் போட மாட்டார்கள். மறுபடி ஏறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் முன்பு கர்ணம் எழுதிய அடங்கலை, 1980-இல் அந்தப் பதவி ஒழிந்தபின் கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். நம் நாட்டுப் பரப்புக் கணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. விளைச்சலுக்கு வயலில் ஒரு கட்டம் அளந்து, அறுத்து, அடித்து எடை போடும் பயிர் அறுவடைப் பரிசோதனை உண்டு. போட்டது மக்காச்சோளமாக இருக்க, போன வருடப் பருத்தியே அடங்கலில் நின்றால், மேலே டெல்லி வரை போகும் கணக்கு தப்பாகும். காப்பீடும் நிவாரணமும்கூட அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வரும்.

ஆகவே இந்தப் பருவம் உங்கள் வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று அடங்கலில் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். விற்பதா, வைத்திருப்பதா என்பதை உங்கள் கடன் தவணை, தானியத்தின் ஈரப்பதம், வைக்க இடம் இவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிந்தவர்கள் கொஞ்சம் விற்று, கொஞ்சம் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே செய்தியின் மேல் ஏற்ற வேண்டாம்.

உங்கள் ஊரில் இந்த வருடம் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கீழே எழுதுங்கள். நானும் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.