ஆமூர் மல்லன் வீழ்ந்த முறை

புறநானூற்றில் 80 முதல் 85 வரை அமைந்த ஆறு பாடல்கள் ஒரு சோழனையே பொருளாகக் கொண்டவை. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. பின்னைய மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. பாடப்பட்டோன் பெயரைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்றும், போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்றும் பதிப்புகள் இருவாறாகத் தருகின்றன. போரவை என்பதே பாடமாயின், மற்போர் அரங்கொன்றின் தலைவன் இவன் என்று கருதும் ஆர்வம் எழுதல் இயல்பே. அவ்வார்வத்தின்மேல் ஒரு முடிவையும் யாம் கட்ட விரும்பவில்லை.

இவன் உறையூர்த் தித்தன் மகன். தந்தையொடு பகைத்து வேற்றூரில் வாழ்ந்தவன். அங்குக் கூழுண்டு வறியனாய் இருந்தும் தோள்வலி குன்றாதவன். ஆமூர் மல்லன் ஒருவனை அவன் பொருது வென்றான் என்பது அனைவரும் அறிந்தது. எவ்வாறு வென்றான் என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சி. உரையாசிரியர்கள் தம் மரபுப்படி சொற்பொருள் கூறி அமைந்தனர்; மற்போர் என்னும் தொழிலை அறிந்தார் கண்கொண்டு இப்பாடலை நோக்கியவர் மிகச் சிலரே. பழம்பாடல்களில் வீரம் பாடப்படும் இடங்கள் எண்ணில. ஒரு வீரன் தன் உடம்பை எவ்வாறு இயக்கினான் என்பது இத்துணை நுட்பமாகப் பாடப்பட்ட இடம் அரிது. இதனை வெறும் புகழ்மொழி என்று கொள்வோமாயின் ஓர் அரிய வரலாற்றுச் சான்றை இழந்தவர் ஆவோம்.

80ஆம் பாடல் தும்பைத் திணையது. அதன் செய்தி இது. ஆமூரிடத்து மல்லனது மிக்க வலியைக் கெடுத்துக் கிள்ளியின் ஒரு கால் அவன் மார்பிடத்துச் சென்றது. மற்றொரு கால், அவன் கொண்டுவந்த தாரைத் தடுத்துப் பின்புறத்தே சென்றது. தந்தை தித்தன் மகனிடத்து அன்பு கொள்ளினும் கொள்ளாதொழியினும் இந்நிலையை வந்து காண்பானாக என்கிறார் புலவர். பசியால் மூங்கிலைத் தின்ன முயலும் யானைபோல, இரண்டு தலையும் ஒடியும்படி மோதி மல்லனைக் கொன்ற நிலை அது.

புறநானூற்றின் முதல் 266 பாடல்களுக்குப் பெயரறியப்படாத ஆசிரியர் ஒருவரின் பழைய உரை உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு நூலை வெளியிட்டபோது அவ்வுரையையும் உடன் தந்தார். அவ்வுரைகாரர் முதற்காலை மண்டியாக மார்பின்மேல் மடித்து வைத்ததென்றும், இரண்டாங்காலை முதுகின்கண் வளைத்ததென்றும் விளக்குகிறார். ‘தார்’ என்பதற்கு அவர் காணும் பொருள் உபாயம் என்பது. இவ்வுரைகாரர் மற்போரைக் கண்டவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஏட்டறிவு மட்டும் உடையார் ‘மண்டி’ என்ற சொல்லை இவ்விடத்து நினையார்.

எனினும் ஒரு கருத்தில் யாம் அவரினின்றும் சிறிது வேறுபடுகிறோம். பாடலில் இரு கால்களுக்கும் வினை ஒன்றே, இரண்டும் ‘ஒதுங்கின’. சங்க வழக்கில் ஒதுங்குதல் என்பது நடத்தல், இயங்கல் என்னும் பொருளில் பயில்வது. ‘ஒதுக்கம்’ என்றால் நடை. உரைகாரரோ ஒன்றற்கு மடித்து வைத்தல் என்றும் மற்றொன்றற்கு வளைத்தல் என்றும் வெவ்வேறு பொருள் தந்து, வீழ்ந்து கிடப்பவன்மேல் வென்றவன் அமர்ந்திருக்கும் நிலையாக முழுவதையும் காட்டிவிட்டார். வினைச்சொல்லை அதன் இயல்பான பொருளிலேயே கொண்டால் நாம் காண்பது கிடக்கையன்று, இயக்கம். வீழ்ந்தபின் உள்ள நிலையன்று, வீழ்த்துகின்ற முறை.

நின்று பொருவார் இருவருள் ஒருவன் கால் மற்றவன் மார்பை எட்டுவது எங்ஙனம் என்று வினவலாம். இதற்கு விடை ‘தார்’ என்னும் சொல்லிலேயே உளது. தார் என்பது மாலைக்கும் பெயர். முன்னே பாய்ந்துவரும் தூசிப்படைக்கும் பெயர். தும்பைத் துறைகளுள் தார்நிலை என்று ஒன்று கூறப்படுதல் இதுபற்றியே. மல்லன் கொண்டுவந்த தார் அவனுடைய முற்பாய்ச்சல் எனக் கொள்க. எதிரியின் காலைப் பற்ற விரும்பும் மல்லன் நிமிர்ந்து வாரான். தலையைத் தாழ்த்து, மார்பு எதிரியின் முழங்கால் மட்டத்துக்கு வரும்படி குனிந்தே பாய்வான். இஃது உலகத்து மல்லர் அனைவர்க்கும் பொது. எகிப்து நாட்டுப் பெனி அசன் கல்லறைகளுள் ஏறத்தாழ 4000 ஆண்டுகட்கு முன் தீட்டப்பெற்ற 200க்கு மேற்பட்ட மற்பிடி ஓவியங்களை ஒரே சுவரில் காணலாம். காலைப் பற்றக் குனிவோரும் அவற்றுள் உளர். அவ்வாறு தாழ்ந்து வந்தவன் மார்பில் கிள்ளியின் ஒரு முழங்கால் எதிர்ப்பட்டது. பாய்ச்சல் அதனோடு நின்றது. நின்ற அந்நொடியில் மற்றைக் கால் வளைந்து அவன் பின்புறம் புகுந்தது. முன்னே தடை, பின்னே கொளுவி. இரண்டற்கும் இடைப்பட்ட உடம்பு சாய்வதன்றி வேறு வழியில்லை.

இக்காலத்துக் கட்டற்ற முறை மற்போரிலும், உலகெங்கும் பரவிவரும் கலப்புச் சண்டைப் போட்டிகளிலும், எதிரியை நிலத்தில் வீழ்த்தும் பிடிகள் பலவற்றின் அடிப்படை இதுவே. மேலுடம்பு ஒருபுறம் தள்ளப்படும். கால் எதிர்ப்புறம் வாரப்படும். 1882ஆம் ஆண்டு சப்பானில் கானோ சிகோரோ நிறுவிய யூதோப் பள்ளியிலும் புறத்தே சென்று காலை வாரும் எறிமுறை முதன்மையான பாடங்களுள் ஒன்று. 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மராட்டிய மல்லர் கே. டி. சாதவ் பேர் பெற்ற ‘தாக்’ என்னும் பிடி இடுப்பின்மேல் ஏற்றி எறிவது, அது வேறு. கிரேக்க-உரோம முறை என வழங்கும் மற்போரிலோ இடுப்புக்குக் கீழே பற்றுதலும் காலால் கொளுவுதலும் விலக்கப்பட்டவை. அவ்விதியை ஆமூரில் ஏற்றியிருப்பின் கிள்ளி தோற்றவனாகவே அறிவிக்கப்பட்டிருப்பான் போலும்.

பாடலில் கால்கள் இரண்டும் பேசப்பட, கைகள் பேசப்படவில்லை என்று ஒரு தடை எழுப்பலாம். கைகள் உவமையில் உள்ளன. மூங்கிலைத் தின்னும் யானை அதனை ஒரு முனையில் காலால் மிதித்து மறுமுனையைத் துதிக்கையால் வளைத்து முறிக்கும். தமிழில் யானையின் துதிக்கைக்குக் கை என்றே பெயர் வழங்குதலை நினைவு கூர்க. இருதலை என்பதற்குத் தலையும் காலும் என்று பழைய உரைகாரர் கொண்ட பொருள் முற்றிலும் பொருந்துவதே. அடியில் கால் நிறுத்த, மேலே கை வளைக்க, இடை முறிகிறது. வலிமைக்கு யானையை உவமித்தல் எல்லாப் புலவர்க்கும் எளிது. மூங்கிலோடு பொரும் யானையைத் தேர்ந்தமையில்தான் சாத்தந்தையார் கண்ட காட்சி நமக்கும் புலனாகிறது.

82ஆம் பாடல் போரின் விரைவைக் கூறுவது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனைவி பிள்ளை பெறும் நிலையில் இருக்கிறாள், மழை பெய்கிறது, ஞாயிறும் சாய்கிறது. இந்நிலையில் கட்டிலுக்கு வார் பிணிக்கும் தொழிலாளி ஒருவன் கையூசி எவ்வளவு விரையும்? அதனினும் விரைந்தது இப்போர் என்கிறார். விரைவொன்றே இவ்வுவமையின் பொதுத்தன்மை என்று மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். கட்டில் பின்னுவாரை அருகிருந்து பார்த்தவர் அவ்வளவில் அமையார். ஊசி மேலே தோன்றும், கீழே மறையும், மீண்டும் மறுபுறம் தோன்றும். வார் அதன்பின் இழுபட்டு இறுகும். மார்பில் தோன்றிய கால் முதுகுப்புறம் மறைந்து இறுக்கும் செயலை இதனினும் நன்கு காட்டும் உவமை வேறு யாதுளது?

பரணரின் அகநானூற்றுப் பாடலொன்றும் (386) மற்போரைக் கூறுகிறது. பாணன் என்பானோடு பொருத ஆரியப் பொருநன் தோள் ஒடிந்து கிடந்ததைக் கண்டு கணையன் நாணினான் என்பது அது. முடிவு அங்கே உண்டு, முறை இல்லை. அப்பாணன் கட்டி என்பானோடு உறையூர் வந்து, தித்தன் வெளியனது நாளவைக் கிணையொலி கேட்டளவிலே கட்டி பொராது ஓடியதை 226ஆம் பாடல் நகையோடு குறிக்கிறது.

பிற்காலத்தைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டா. பல்லவன் முதலாம் நரசிம்மன் மாமல்லன் என்று பெயர் பூண்டான். சேலம் நாடு 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் மைசூர் ஆட்சியில் இருந்து, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலக் கும்பினியார் வயமாயிற்று. அம்மைசூரில் செட்டிகள் எனப்பட்ட மல்லர் தசரா விழாவில் பொருத வச்சிரமுட்டி கையில் கருவி பூண்டு குத்தும் போர். ஆமூர் மரபினது அன்று. நம் நாட்டில் அம்மரபு எஞ்சியிருப்பது மக்கள் வழக்கில்தான். ஒருவனை நம்பவைத்துக் கெடுத்தலைக் ‘காலை வாரிவிடுதல்’ என்கிறோம். தோற்றவனை ‘மண்ணைக் கவ்வினான்’ என்கிறோம். மல்லாத்துதல் என்னும் சொல்லை மல் என்பதனோடு இணைப்பாரும் உளர். அஃது ஒலியொப்புமை ஒன்றே பற்றியது. அதனைச் சான்றாக யாம் கொள்ளவில்லை.

இனி நக்கண்ணையார் கூற்றுக்கு வருவோம். 85ஆம் பாடல் கைக்கிளைத் திணையது. அவன் இவ்வூரான் அல்லன், இந்நாட்டான் அல்லன். அதனால் வெற்றி என்பார் ஒருசாரார், வெற்றியன்று என்பார் ஒருசாரார். தலைவி சிலம்பொலிக்க ஓடி, தன் மனைக்கண் உள்ள பனையைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தானே கண்டதாகக் கூறுகிறாள். மல்லன் கொல்லப்பட்டான் என்று சாத்தந்தையார் கூறுமிடத்து, வெற்றியில் ஊரார் ஐயுற்றது எங்ஙனம் என்பது பலகாலும் எம்மை வருத்திய வினா. ஊரார் காழ்ப்பு என்று கூறி அமைவது எளிது. பாட்டே அதற்கு இடந்தருகிறது. ஆயினும் 82ஆம் பாடலின் ஊசியை இங்கே நினைத்தல் தகும். நீண்டநேரம் உருண்டு புரண்டு முடிந்த போராயின் ஐயத்துக்கு இடமில்லை. கண்ணிமைப்பொழுதில் கால் புகுந்து உடல் சாய்ந்த போரில், கூட்டத்தின் ஒருபக்கம் நின்றார் கண்டதை மறுபக்கம் நின்றார் காணார். யார் யாரை வீழ்த்தினார், வழுக்கி வீழ்ந்தானா வாரி வீழ்த்தப்பட்டானா என்ற வழக்கு இன்றும் மற்களந்தோறும் எழுவதே. நடுவர் மூவர் இருந்தும் நிகழ்படத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்தே பல வீழ்ச்சிகளுக்கு முடிவு கூறுகின்றனர்.

ஆகவே அவள் எங்கே நின்றாள் என்பதைப் பாட்டு கூறுவது வீண் வருணனையன்று. சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி பனையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர். அப்பக்கத்துப் பனையொன்றின் அடியில் நின்று பார்த்தால் பாட்டின் உண்மை விளங்கும். முழவுபோல் பருத்த அடி ஆளை மறைக்கும். கிளையோ தழையோ பார்வையைத் தடுக்காது. பிறர் காணாது தான் காணவேண்டிய ஒருத்திக்கு ஏற்ற இடம் அது. தாயையும் அவையையும் அஞ்சி நாணுவதாக 83ஆம் பாடலில் கூறியவள் களத்தருகே செல்லாமல் மனையின் பனையடியில் நின்றதும் அதனாலேயே.