அந்தோனியோ தெ தோரஸ்: கிற்றாரின் வடிவமும் ஒரு தச்சரின் வாழ்வும்

கிளாசிக்கல் கிற்றார் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தெற்கு ஸ்பெயினில். அதை நிலைநிறுத்தியவர் அல்மேரியாவைச் சேர்ந்த தச்சர் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892). கொழும்பு பம்பலப்பிட்டியில் பிள்ளைகளின் பயிற்சிக்கென்று வாங்கப்படும் முழு அளவுக் கிற்றாரிலும் தந்தி அதிரும் நீளம் பெரும்பாலும் 65 சென்ரிமீற்றர்தான். அது தோரஸ் வழக்கமாக்கிய அளவு.

அவருக்கு முந்திய கிற்றார் ஒடுங்கிய உடலும் மெல்லிய ஒலியும் கொண்டது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தந்திகள் இரட்டை இரட்டையாகக் கட்டப்பட்டன. ஆறு ஒற்றைத் தந்திகள் பரவலானது 1800ஐ ஒட்டித்தான். மட்டக்களப்புப் பறங்கியரின் இசையிலும் பைலாவிலும் கிற்றார் ஒலிப்பதைக் கொண்டு, இன்றைய கருவியே போர்த்துக்கேயரோடு இலங்கைக்கு வந்திறங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் கையில் இருந்தது அதன் மூதாதை.

தோரஸ் 1817 யூன் 13இல் அல்மேரியாவை அடுத்த ஒரு சிற்றூரில், வரி வசூலிப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தச்சுவேலை பழகப் போனார். 1833இல் ஸ்பெயினில் அரியணைப் போர் மூண்டபோது படைக்கு எடுக்கப்பட்டு, உடல்தகுதி இல்லையென்று விடுவிக்கப்பட்டார். 1835இல் திருமணம். பிறந்த மூன்று பிள்ளைகளில் இரண்டு பெண்குழந்தைகள் இறந்தன. மனைவியும் 23 வயதில் காசநோய்க்குப் பலியானார். அதன் பின்னரே அவர் செவில் நகருக்குப் போனார். கிரனாடாவில் ஹோசே பெர்னாஸ் என்பவரிடம் தொழில் கற்றார் என்றொரு கதை நெடுங்காலமாக உண்டு; அதற்கு உறுதியான சான்று கிடையாது.

செவிலில் கிற்றார்க் கலைஞர் ஹூலியான் ஆர்காஸின் ஊக்கமும் ஆலோசனையும் கிடைத்தன. 1856இல் தோரஸ் செய்த ‘லா லியோனா’ என்ற கருவியில் அவருடைய முறை ஏறக்குறைய முழுமையாகவே தெரிகிறது. உடலின் கீழ்ப்பகுதி அகன்றது. மேற்பலகை மெலிந்து, சற்றே வளைந்தது. அதன் அடிப்புறத்தில் ஏழு மெல்லிய சட்டங்கள் விசிறிபோல் விரிந்தன. விசிறிச் சட்டம் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. செவிலில் பிரான்சிஸ்கோ சங்கீனோவும், காதிஸ் நகரத் தச்சர்களும் 18ஆம் நூற்றாண்டிலேயே அதைக் கையாண்டிருந்தார்கள். சட்டங்களின் எண்ணிக்கை, பலகையின் கனம், உடலின் அகலம், தந்தியின் நீளம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று இசைவித்ததே தோரஸின் சாதனை. தனித்தனியாக எடுத்தால் அவர் புதிதாகச் சேர்த்தது சொற்பம். 1858இல் செவில் கண்காட்சியில் அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

ஒலிக்கு மூலம் மேற்பலகையே என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க 1862இல் ஒரு கிற்றார் செய்தார். மேற்பலகை வழக்கமான ஸ்புரூஸ் மரம். முதுகும் பக்கங்களும் வெறும் காகிதக்கூழ் அட்டை. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இன்றும் அது இருக்கிறது. வீணையின் குடத்தைப் பலாமரத்தில் குடையும் தஞ்சாவூர் ஆசாரிகளுக்கு இது விளையாட்டாகத் தோன்றக்கூடும். ஆயினும் கிற்றார் வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஒரு பரிசோதனையைக் காட்டுவது கடினம்.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. 1868இல் மறுமணம் செய்த தோரஸ், ஓரிரு ஆண்டுகளில் அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான், கண்ணாடிப் பாத்திரக் கடை வைத்தார். கிற்றார் வேலை சில ஆண்டுகள் நின்றே போயிற்று. 1875இல் அதை மீண்டும் தொடங்கியபோது கருவிக்குள் ஒட்டிய சீட்டில் ‘இரண்டாம் காலம்’ என்று அச்சிட்டு இலக்கமும் இட்டார். முதுமையில் மகள்மாரும் அயலிலிருந்த ஹுவான் மார்த்தினெஸ் சிர்வென்ற் என்ற இளைஞரும் வேலையில் உதவினார்கள். பின்னாளில் பாதிரியாரான சிர்வென்ற் 1931இல் எழுதிய கடிதமே தோரஸின் பட்டறை பற்றிய நேரடிச் சாட்சியம். கடைசி ஒட்டுவேலையின்போது தோரஸ் கதவைப் பூட்டிக்கொள்வார் என்ற செய்தியும் அவ்வழியே வந்தது. 1892 நவம்பர் 19இல் தோரஸ் காலமானார். ஏறத்தாழ 320 கிற்றார்கள் செய்திருப்பார் என்பது ஆய்வாளர் ஹோசே லூயிஸ் ரொமானியோஸின் மதிப்பீடு. இனங்காணப்பட்டவை அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

அவருடைய வடிவத்தை உலகறியச் செய்தவர்கள் வாசிப்பவர்கள். 1869இல், பதினேழு வயதளவில், பிரான்சிஸ்கோ தாரெகா 1864இல் செய்யப்பட்ட தோரஸ் கிற்றார் ஒன்றை வாங்கிப் பல ஆண்டுகள் வாசித்தார். மட்ரிட்டில் மனுவேல் ராமிரெஸின் பட்டறை அதே வழியில் நடந்தது. அங்கே 1912இல் உருவான கருவியைத்தான் ஆந்த்ரேஸ் செகோவியா மேடைகளில் வாசித்தார். ஜெர்மனியின் ஹெர்மன் ஹவுசர் 1937இல் செகோவியாவுக்குச் செய்த கிற்றாரும் இதே மரபு. ஆட்டுக்குடல் தந்திக்குப் பதிலாக நைலோன் வந்தது இரண்டாம் உலகப் போரை ஒட்டி. தோரஸ் அதைக் காணவில்லை.

மரத்திலும் மாற்றம் நேர்ந்தது. விரற்பலகைக்கு உகந்த கருங்காலியில் இலங்கையின் வறண்ட வலயத்து மரம் பெயர்பெற்றது. இன்று அதை வெட்டச் சட்டத் தடை உண்டு. முதுகுக்கும் பக்கங்களுக்கும் விரும்பப்பட்ட பிரேசில் ரோஸ்வூட்டின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டது. அந்த இடத்தைப் பெரிதும் பிடித்திருப்பது தென்னிந்தியாவின் ஈட்டிமரம். விசிறிச் சட்டங்கள் பெரும்பாலும் மாறவில்லை. பிற்காலத்தில் வேறு முறைகளை முயன்றவர்களும் தங்கள் கருவியைத் தோரஸின் அளவோடு ஒப்பிட்டே பார்த்தார்கள்.