பட்டத்திற்குத் தகுதி எது?

நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற திங்கள் ஒரு வினா விடுத்தான். "ஐயா, பி.ஏ. பட்டம் பெற இன்னின்ன பாடம் படித்தே தீரவேண்டும் என்கிறார்களே, அதை முடிவு செய்தவர் யார்?" என்றான். நாமும் கல்லூரியில் கலைப்பாடம் பயின்று பட்டம் பெற்றவரே. ஆயினும் அந்த வினாவை ஒருநாளும் நாம் எழுப்பியதில்லை. பாடத்திட்டத்தை நீட்டினார்கள், படித்தோம். தேர்வு வைத்தார்கள், எழுதினோம். கறுப்பங்கி மாட்டினார்கள், நின்றோம். அன்று அவனுக்கு விடை கூற இயலாமற்போன வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கலைக்கல்லூரி என்னும் அமைப்பு மிகுதியும் தழைத்தது அமெரிக்காவில். குறிப்பிட்ட தொழில் எதையும் கற்பிக்காது, மொழி, வரலாறு, கணக்கு, அறிவியல், மெய்யியல் எனப் பலவும் பயிற்றி மாணவனை அறிவுடையோனாக்குவதே அதன் நோக்கம் என்பர். நல்ல நோக்கந்தான். ஆனால் அறிவுடையோன் என்று முத்திரை குத்துவதற்கு அங்கே காலந்தோறும் எவையெவை வேண்டப்பட்டன என்று புரட்டிப் பார்க்கும்போதுதான் வேடிக்கையும் வேதனையும் சேர்ந்து வருகின்றன.

1636இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஆர்வர்டு கல்லூரி நிறுவப்பெற்றது. 1642இல் ஒன்பது இளைஞர் அங்கு முதன்முதலாகப் பட்டம் பெற்றனர். அக்காலத்தில் தகுதியாக வேண்டப்பட்டது யாது? பைபிளின் பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் மூலமொழியில் படித்து இலத்தீனில் பெயர்த்துக் கூறவேண்டும். தருக்க முறைப்படி அவற்றை விளக்கவேண்டும். தெய்வபக்தி நிறைந்த ஒழுக்கமுடையவனாக இருக்கவேண்டும். மேற்பார்வையாளர் இசைவு தரவேண்டும். அவ்வளவே! கணக்கும் வானநூலும் முதுகலைப் பட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட தகுதிகள். கல்லூரிக்குள் நுழைவதற்கே சிசரோவின் இலத்தீனைக் கண்டவுடன் படித்துப் பொருள் உணரவேண்டும். இலத்தீனில் தானே இயற்றவும் வேண்டும். நுழைந்த பின்னரோ, தாய்மொழி பேசக்கூடாது! ஆங்கிலச் சொற்பொழிவுப் பயிற்சிக்கென விதிக்கப்பட்ட வேளை தவிர, மற்ற வேளைகளில் ஆங்கிலத்துக்கு அங்கே தடை. ஆங்கிலமே அறிவின் வாயில் என்று நம்மிடையே மார்தட்டுவோர், ஆங்கிலேயர் பிள்ளைகளே தம் கல்லூரியில் ஆங்கிலம் பேசத் தடுக்கப்பட்டிருந்தனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

இன்னொன்றும் உண்டு, தோழர்களே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்வர்டிலும் யேல் கல்லூரியிலும் மாணவர் பெயர்ப்பட்டியல் அகர வரிசையிலும் எழுதப்படவில்லை, தேர்ச்சி வரிசையிலும் எழுதப்படவில்லை. குடும்பத்தின் மதிப்பு வரிசையில் எழுதப்பட்டது! தந்தை ஆளுநரா, நீதிபதியா, பாதிரியா, வணிகரா, உழவரா என்று பார்த்து இடம் ஒதுக்கினர். வகுப்பில் அமர்வதும், ஊர்வலத்தில் நடப்பதும் அந்த வரிசையில்தான். குற்றம் செய்த மாணவனுக்கு வரிசையில் இறக்கம் ஒரு தண்டனை. உழவரும் செருப்புத் தைப்பவருமான ஒருவரின் மகன் ஜான் ஆடம்சு, 1755இல் ஆர்வர்டில் பட்டம் பெற்றபோது அவருக்குக் கிடைத்த இடம் பதினான்கு. பின்னாளில் அவரே அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவர். 1770களின் தொடக்கத்தில் இவ்வழக்கத்தை ஆர்வர்டு கைவிட்டது. சாதி என்ற சொல் அங்கே இல்லை, சரக்கு இருந்தது.

1650ஆம் ஆண்டின் ஆர்வர்டு சாசனம், ஆங்கிலேய இளைஞரோடு அம்மண்ணின் பழங்குடி இளைஞருக்கும் கல்வி அளிப்பதாகக் கூறுகிறது. வாம்பனோக் குடியைச் சேர்ந்த இருவர், காலெப் என்பவரும் சோயல் என்பவரும், அங்கே இலத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேறினர். வெள்ளையர் வைத்த தேர்வு, வெள்ளையர் வகுத்த பாடம், வெள்ளையரின் தெய்வ நூல். எல்லாவற்றையும் கடந்து காலெப் 1665இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. சோயலோ பட்டமளிப்பு விழாவுக்குச் சிறிது முன்பு தம் தீவுக்குச் சென்று திரும்புகையில் கப்பல் சிதைவில் மாண்டார். ஆகவே அவருக்குப் பட்டம் இல்லை.

ஆண்டுகள் உருண்டன. நாடு விடுதலை பெற்றது. ஆலைகள் எழுந்தன. ஆயினும் கல்லூரி மாணவன் இலத்தீனையும் கிரேக்கத்தையுமே உருப்போட்டுக் கொண்டிருந்தான். செத்த மொழிகளை விலக்கினால் என்ன என்று 1827இல் யேலில் வினா எழுந்தது. மறு ஆண்டு ஆசிரியர் குழு நீண்டதோர் அறிக்கையை வெளியிட்டு, விலக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. உடற்பயிற்சி உறுப்புகளுக்கு உரமூட்டுவதுபோல் அம்மொழிகளும் கணக்கும் மனத்தின் ஆற்றல்களுக்கு உரமூட்டும் என்பது அவர்தம் வாதம். இதை வெறும் மடமை என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. மனத்திற்குப் பயிற்சி வேண்டும் என்பது மெய். ஆனால் அந்தப் பயிற்சியைக் கிரேக்கந்தான் தரும், தாய்மொழி தராது என்பதற்குச் சான்று எங்கே? அந்த அறிக்கை அதைக் காட்டவில்லை. ஆனாலும் அரை நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரிகளை அது கட்டி வைத்தது.

நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளில் பயின்ற பாதிரிமார் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினர் என்பதையும் இங்கே சொல்லிச் செல்வோம். அதன் தலைவர் டேனியல் பூர், டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அங்கே ஆங்கிலத்தோடும் அறிவியலோடும் தமிழுக்கும் இடம் இருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் முதன்முதலாக பி.ஏ. தேறிய இருவர், கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அச்செமினரியில் பயின்றவர்களே. கலித்தொகையை 1887இல் அச்சேற்றித் தந்தவர் இந்தத் தாமோதரம்பிள்ளை. தாய்மொழியைப் படிப்பித்ததால் மனப்பயிற்சி குன்றியதாகத் தெரியவில்லை!

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். யேலில் 1804இல் பட்டம் பெற்றவர் ஜான் கால்ஹூன். தென் கரோலினாவின் அரசியல் தலைவர். அடிமை முறையின் தத்துவ ஆசிரியர். கிரேக்க இலக்கணம் அறிந்த கறுப்பன் ஒருவனைக் காட்டினால் அவனும் மனிதன் என்று நம்பத் தயார் என அவர் கூறியதாக, அலெக்சாண்டர் கிரம்மல் என்னும் கறுப்பின அறிஞர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். என்ன துணிவு பாருங்கள்! அடிமைக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கி 1834இல் சட்டம் செய்த மாநிலம் தென் கரோலினா. கதவை அடைத்துத் தாழிட்டுவிட்டு, உள்ளே வராதவனுக்கு வீட்டில் இருக்கத் தகுதியில்லை என்று சொல்லும் நியாயம் இது. நமக்கு இந்த நியாயம் புதிதல்ல. கிரம்மல் இளமையில் நியூயார்க்கில் ஏவலாளாக வேலை பார்த்தபோது இச்செய்தியைக் கேட்டவர். கடல் கடந்து இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் கிரேக்கம் பயின்று, 1853இல் பட்டம் பெற்றார். கால்ஹூன் அதைக் காண உயிரோடில்லை. அவர் பெயர் தாங்கிய விடுதிக் கல்லூரிக்கு 2017இல் யேல் பெயர் மாற்றியது.

ஒகையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி, 1833இல் தோன்றியது. 1835இல் கறுப்பருக்கும் இடமளிக்க முடிவு செய்தது. 1837இல் நான்கு பெண்களை முழுப் பட்டப் படிப்பில் சேர்த்தது. 1841இல் அவர்களில் மூவர் பட்டம் பெற்றனர். இதற்காக ஓபர்லினை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் முழுக்கதையையும் சொல்லவேண்டும் அல்லவா? பெண்களுக்கென்று தனியே ஒரு படிப்பும் இருந்தது. அதில் கிரேக்கம் இல்லை, முடிவில் பட்டமும் இல்லை, சான்றிதழ் மட்டுமே. ஆண்கள் படிப்பை மேற்கொண்ட பெண்ணுக்கும் துணி துவைப்பதிலிருந்து விடுதலை இல்லை. மாணவிகள் மாணவர்களின் துணிகளைத் துவைத்தனர், கிழிந்தவற்றைத் தைத்தனர். பட்டமளிப்பு விழாவில் ஆண்கள் தம் உரையைத் தாமே நிகழ்த்துவர்; பெண் எழுதிய கட்டுரையையோ ஆண் ஒருவர் படிப்பார். அவையில் ஆண்கள் இருக்கையில் பெண் பேசலாமோ! 1847இல் லூசி ஸ்டோன் என்னும் மாணவி, தாம் படிக்கக்கூடாத கட்டுரையைத் தாம் எழுதுவதில்லை என்று மறுத்துவிட்டார். பட்டம் பெற்றார், கட்டுரை எழுதவில்லை. 1883இல் கல்லூரியின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், அதே ஓபர்லின் அவரை அழைத்து மேடையேற்றிப் பேசச் செய்தது.

அங்கே 1862இல் மேரி ஜேன் பாட்டர்சன் பி.ஏ. பட்டம் பெற்றார். கறுப்பினப் பெண்ணொருவர் அமெரிக்காவில் அப்பட்டம் பெற்றது அதுவே முதல் முறை எனக் கருதப்படுகிறது. அவர் தேர்ந்தது பெண்கள் படிப்பையன்று. இலத்தீன், கிரேக்கம், உயர்கணக்கு அடங்கிய ஆண்கள் படிப்பை. இங்கே நாம் சற்றுத் தயங்குகிறோம். கிரேக்கத்தைக் கட்டாயமாக்கியது தவறு என்று இதுகாறும் எழுதினோம். அதே கிரேக்கத்தை வென்றல்லவா இவர் தம் மக்களின் மதிப்பை நிலைநாட்டினார்? பூட்டு வீணானது என்று நாம் சொல்லலாம். பூட்டை உடைத்தவளிடம் அதைச் சொல்ல நா எழவில்லை.

பூட்டைக் கழற்றியவர் வேறொருவர். வேதியியல் ஆசிரியரான சார்லசு எலியட் 1869இல் ஆர்வர்டின் தலைவரானார்; நாற்பதாண்டு அப்பதவியில் இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒன்றொன்றாக நீக்கினார். நுழைவுக்குக் கிரேக்கம் இன்றியமையாதது என்ற விதி 1880களில் தளர்ந்தது. 1886இல் கட்டாய வழிபாடு ஒழிந்தது. தொழுகைக்கு வராதவன் கல்லூரியில் இருக்கலாகாது என்ற இருநூற்றைம்பதாண்டு வழக்கம் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. யேலில் அது போக 1926 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நூற்றாண்டின் முடிவில், ஆர்வர்டு மாணவனுக்கு முதலாண்டில் சிறிதளவே கட்டாயம். மற்றவை அவன் விருப்பம். ஆனால் அந்த எலியட்டே, பெண்களுக்கு ஆர்வர்டில் இடமில்லை என்றவர். பெண்களுக்கு ஆர்வர்டின் பெயரிலேயே பட்டம் கிடைத்தது 1963இல்.

அவருக்குப் பின்வந்த லோவல், விருப்பம் என்ற பெயரில் மாணவர் எளிய பாடங்களைப் பொறுக்குகின்றனர் என்று கண்டு, ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் அகலமும் வேண்டுமென விதித்தார். முதன்மைப் பாடம், துணைப்பாடம் என்று இன்று வழங்குவதன் அடிப்படை அதுவே.

இந்த வரலாற்றில் நமக்குச் சிரிப்பு மூட்டிய பகுதி ஒன்று உண்டு. வாரம் ஒரு மணி வீதம் ஒரு பருவம் படித்தால் ஓர் அலகு. பருவத்துக்குப் பதினைந்து, எட்டுப் பருவத்துக்கு 120, பட்டம் தயார் என்னும் கணக்கு அமெரிக்காவில் பரவியது எப்படி? இரும்பு முதலாளி கார்னகி, 1905இல் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். ஓய்வூதியம் பெறத் தக்க கல்லூரி எது என்று அளக்க ஒரு முழக்கோல் வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை மணிக்கணக்கில் அளந்தனர். அவ்வளவை நாளடைவில் கல்லூரியும் மேற்கொண்டது. சமயச் சபையின் பிடியிலுள்ள கல்லூரிக்குப் பணம் இல்லை என்பதும் விதி. உடனே பல கல்லூரிகள் சபையோடிருந்த தொடர்பை அறுத்துக்கொண்டன! பகுத்தறிவாளர் பல்லாண்டு வாதாடியும் அசையாத நெஞ்சங்களை ஓய்வூதியம் அசைத்தது. நீந்தத் தெரியாதவனுக்குப் பட்டமில்லை என்று விதித்த கல்லூரிகளும் உண்டு. அதையாவது நாம் குறைகூற மாட்டோம், சோயலை நினைத்து.

1969இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே ஆராய்ந்து அறிக்கை எழுதி, போராடி, பொதுக் கட்டாயப் பாடங்களை அடியோடு நீக்கச் செய்தனர். யார் முடிவு செய்தது என்று நம் மாணவன் கேட்டானே, அந்தக் கேள்விக்கு அங்கே மாணவரே விடையானார்கள்.

2011இல் ஆர்வர்டு, கப்பல் சிதைவில் மாண்ட சோயலுக்குப் பட்டம் வழங்கியது. காலெப் பட்டம் பெற்று 346 ஆண்டுகள் ஆகியிருந்தன. வாம்பனோக் மக்கள் விழாவுக்கு வந்து அதைப் பெற்றுச் சென்றனர்.